பழைய கார் பம்பரைத் தொட்டால் புற்றுநோயா?

"பழைய கார்களின் குரோம் பம்பரில் புற்றுநோய் தரும் ஆறிணைதிறக் குரோமியம் (hexavalent, குரோமியத்தின் நச்சு வடிவம்) இருக்கிறது, உடனே ஸ்பிரே குரோமுக்கு (தெளித்துப் பூசும் பளபளப்புப் பூச்சு) மாறுங்கள்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. அந்த நஞ்சு இருப்பது முலாம் பூசும் தொட்டியில். அதன் அமிலத் திவலைகளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து. பம்பரில் படிந்திருப்பது வெறும் குரோமிய உலோகம், அதுவும் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில். (முலாமை நீக்காமல் அதன்மீது வெல்டிங் வைப்பது வேறு கதை, அந்தப் புகை நஞ்சுதான்.)

ஸ்பிரே குரோமில் பொதுவாகக் குரோமியமே கிடையாது! வெள்ளி நைட்ரேட்டிலிருந்து படியும் வெள்ளிப் படலம், மேலே வார்னிஷ். கல் தெறித்தால் முலாம்போலத் தாங்காது. ஆறிணைதிறத் தொட்டிக்கு மாற்று வேண்டுவோருக்கு, நச்சு குறைந்த வடிவமான மூவிணைதிறக் (trivalent) குரோமிய முலாம் உண்டு; நிறம் சற்றே கருமையாகத் தெரியலாம். 1920களின் நடுப்பகுதிக்கு முந்தைய கார் என்றால், குரோம் முலாம் வராத காலம் என்பதால், நிக்கல் முலாமே பொருத்தம்.