ஃபயர்வாலின் கடைசித் தேதி

நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் பெட்டியை, பழுதாகும்வரை மாற்ற வேண்டாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 25 அன்று அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, அரசுத் துறைகளுக்கு அவசர உத்தரவு போட்டதே, நினைவிருக்கிறதா? சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ்ஏ 5500-எக்ஸ் ஃபயர்வால் பெட்டிகளுக்குள் புகுந்தவர்கள், இயங்குதளத்துக்கு முன்பே எழும் ரோம்மான் பகுதியையே மாற்றிவிட்டார்கள். ரீபூட் செய்தாலும் போகாது, புதுப் பதிப்பை ஏற்றினாலும் போகாது. அப்படி மாட்டிய பெட்டிகளில், தொடங்கும்போதே மென்பொருள் அசல்தானா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியே கிடையாது. 5525, 5545, 5555 மாடல்களுக்கு அந்த மாதம் 30-ஆம் தேதியோடு சிஸ்கோவின் ஆதரவு முடிவதாக இருந்தது, மிச்சம் ஐந்தே நாள். அவற்றையும், முன்பே ஆதரவு முடிந்தவற்றையும் நிரந்தரமாகக் கழற்றிவிடச் சொன்னது உத்தரவு.

அப்புறம், மென்பொருளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. ஃபோர்டிநெட் ஃபயர்வால்களின் இயங்குதளமான ஃபோர்டிஓஎஸ்ஸின் பதிப்பு ஒன்று வெளிவந்து 36 மாதம்வரை வழக்கமான திருத்தங்கள் வரும், 54-ஆவது மாதத்தோடு ஆதரவே முடிந்துவிடும். பெட்டி புதிதாக இருந்தாலும் சரி, பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் ஓட்டை அடைபடாது.

எங்கள் ரேக்கில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பெட்டிக்கு ஆதரவு முடியும் தேதி, மென்பொருள் பதிப்புக்கு ஆதரவு முடியும் தேதி இரண்டையும் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற ரூல்களைச் சரிபார்த்துப் புதுப் பெட்டிக்கு மாற்றவே நாலு மாதம் பிடிக்கிறது. அதனால் ஒரு வருடம் முன்பே கொட்டேஷன் கேட்டுவிடுவோம்.