ஆளா, மின்கம்பமா?

காலையில பேப்பரைப் பிரிச்சா, முதல் பக்கத்துலயே தண்ணியில ஊறின மாதிரி ஒரு படம். கீழே பொடி எழுத்துல 'வாசகர் அனுப்பியது'. வெள்ளத்துல நிக்கிறது ஆளா, மின்கம்பமான்னு கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தும் தெரியல. காசு கொடுத்து வாங்குறேன்யா!

2013 மே மாசம் அமெரிக்காவுல சிகாகோ சன்-டைம்ஸ்ங்கிற பேப்பர் பண்ண கூத்துதான் ஞாபகத்துக்கு வருது. புகைப்படப் பிரிவு மொத்தத்தையும், 28 பேரை, ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 1982ல பத்திரிகைத் துறையோட பெரிய விருதான புலிட்சரை வாங்கின ஜான் ஒயிட்டும் அதுல ஒருத்தர். அவருக்கே அந்தக் கதி! அப்புறம் நிருபர்களுக்கு ஐபோன்ல படம் எடுக்கப் பயிற்சியாம். பேட்டி எடுப்பாரா, குறிப்பு எழுதுவாரா, போனைத் தூக்கிப் பிடிப்பாரா? மனுஷனுக்கு ரெண்டு கைதானேப்பா.

இதுல அடுத்த மாசத்துலேருந்து எங்க பேப்பர் சந்தா வேற ஏறுதாம்.