வெள்ளைக்கு உள்ளே வெள்ளை வேண்டாம் கண்ணு

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தால் என் கடையில் வெள்ளைத் துணி மலை மாதிரி குவிந்துவிடும். சேலம் அம்மாப்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். ஸ்கூல் சட்டை, நர்சிங் படிக்கிற பிள்ளைகளின் வெள்ளை பேன்ட், லேப் கோட்டு என்று வரிசையாக வரும். அளவு எடுத்து முடித்ததும் அம்மாக்கள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "டெய்லரக்கா, உள்ள போடுறது வெளிய தெரியாம இருக்கணும். எல்லாம் வெள்ளையாவே எடுத்துடட்டுமா?"

வேண்டாம். வெள்ளைக்கு உள்ளே வெள்ளை பிரா, வெள்ளை ஜட்டி எடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் ரகசியம் போலச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இன்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. அவள் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். வெள்ளைச் சட்டை, உள்ளேயும் வெள்ளைதான் போட வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லி அனுப்பினார்கள். அப்படியே வாங்கிக் கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை பிரேயரில், முதுகில் பட்டை தெரிகிறது என்று சொல்லி அவளை வரிசையிலிருந்து தனியாக நிற்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. "நீங்க சொன்னதத்தானேம்மா போட்டுட்டுப் போனேன்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற நான், என் பிள்ளையை வெயிலில் நிற்க வைத்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று அன்று இரவெல்லாம் அதே நினைப்புதான்.

மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குப் போனோம். கடையில் கிடந்த பிட் துணிகளை எடுத்துக்கொண்டேன். வெள்ளை, சந்தனம், காபி பிரவுன், மெரூன், கறுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். அவள் முன்னங்கையில் வரிசையாக ஒட்டி, மேலே அந்தச் சட்டைத் துணியைப் போர்த்தினேன். வெள்ளைத் துண்டு டியூப்லைட் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. சந்தனமும் தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக. கறுப்பு தனியாக ஒரு கோடு போல நின்றது. காபி பிரவுனைக் காணோம். விரலால் தடவித்தான் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். மெரூனும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவள் நல்ல மாநிறம். வெளுத்த தோல் உள்ள பிள்ளையாக இருந்திருந்தால் சந்தனம் மறைந்திருக்கும். அவரவர் கைதான் அளவு.

இதில் ஒன்றும் மாயம் இல்லை. மெல்லிய வெள்ளைத் துணியில் விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும். இன்னொரு பங்கு உள்ளே போய், உள்ளே இருப்பதில் பட்டு, அதே துணி வழியாக வெளியே வரும். நம் தோல் கொஞ்ச வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், வெள்ளை உள்ளாடை நிறைய அனுப்பும். இரண்டுக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் நம் கண்ணுக்குப் பட்டையாகத் தெரிகிறது. போதாக்குறைக்குப் புது வெள்ளைத் துணியிலும் பல சோப்புத்தூளிலும் பளபளப்புக்காக ஒரு ரசாயனம் சேர்ந்திருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை அது வாங்கி, நீல வெளிச்சமாக வெளியே விடும். நிழலில் சுமாராகத் தெரிகிற வெள்ளை, பிரேயர் மைதானத்து வெயிலில் தூக்கலாகத் தெரிவதில் அதற்கும் பங்கு உண்டு.

மெரூன் எப்படி மறைகிறது என்று நிறையப் பேர் நம்பாமல் கேட்பார்கள். போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மெரூனும் மாநிறக் கையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் விழும். கண்ணுக்கு அந்த அடர்த்திதான் கணக்கு. மாதவிலக்கு நாட்களில் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு வார்டில் நிற்க வேண்டிய பிள்ளைகளுக்கு மெரூன் ஜட்டி கூடுதல் நிம்மதி. ஒரு எச்சரிக்கை மட்டும். புது மெரூனை இரண்டு மூன்று தரம் தனியாகத் துவைத்து, சாயம் போகவில்லை என்று தெரிந்த பிறகே வெள்ளைக்கு உள்ளே போடுங்கள். வியர்வையில் சாயம் இறங்கினால் சட்டை பாழ்.

நிறத்தோடு வேலை முடிந்துவிடாது. லேஸ், பூ வேலை, தடித்த தையல் இதெல்லாம் எந்த நிறத்தில் இருந்தாலும் மெல்லிய துணியின் மேல் மேடாகத் தெரியும். வெள்ளைக்கு உள்ளே போடுவது மொழுமொழுவென்று இருக்க வேண்டும். அளவும் சரியாக இருக்க வேண்டும். இறுக்கமான பட்டை சதையை அழுத்திப் பள்ளம் போடும், அந்தப் பள்ளத்தை எந்த நிறமும் மறைக்காது.

சரி, "வெள்ளைச் சேலைக்கு மட்டும் வெள்ளை உள்பாவாடையே தைக்கிறீர்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். உள்ளே போடுவது எங்கே முடிகிறதோ அந்த ஓரம்தான் வெளியே தெரியும். பிராவுக்கும் ஜட்டிக்கும் ஓரம் உடம்பின் நடுவிலேயே வந்துவிடுகிறது, அதனால் அது தோலோடு கலக்க வேண்டும். உள்பாவாடை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுதாக மூடுகிறது, நடுவில் ஓரமே கிடையாது. அது சேலையோடு சேர்ந்துவிட வேண்டும். சேலை நெசவுக்குப் பேர் போன இளம்பிள்ளை ஊரில் எடுத்த வெளிர் நிறச் சேலை என்றால் அதே நிறத்தில் பாப்ளின் பாவாடை. நீளம் சேலை விளிம்புக்கு ஓர் அங்குலம் மேலே நின்றால் போதும், நான்கு அங்குலம் மேலே நின்றால் கெண்டைக்காலில் கோடு விழும். சாட்டின் வேண்டாம், வெயிலில் மினுங்கும், கொசுவமும் நிற்காது. வெள்ளைச் சுடிதார் டாப்புக்கு உள்ளே போடுகிற நீள ஸ்லிப்பும் இந்தக் கணக்குத்தான், வெள்ளையாகவே இருக்கலாம். அதற்கும் உள்ளே இருக்கிற பிரா மட்டும் தோல் நிறம். வெள்ளை ரவிக்கை லைனிங்குக்கும் நான் வெள்ளைதான் வைப்பேன், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுச் சுருங்க விட்டு அப்புறம்தான் வெட்டுவேன்.

நர்சிங் பேன்ட்டில் யாரும் கவனிக்காத ஒன்று பாக்கெட் துணி. உள்ளாடையை எல்லாம் சரியாகப் பார்த்து எடுத்திருப்பார்கள், கடைசியில் இரண்டு பக்கமும் பாக்கெட் மட்டும் வெள்ளைச் சதுரமாகத் தெரியும். நான் பிரவுன் பாக்கெட் துணி போட்டுத்தான் தைக்கிறேன். முதலில் பார்க்கிறவர்கள் துணி மிச்சப்படுத்திவிட்டேன் என்று நினைப்பார்கள். போட்டுப் பார்த்தபின் அடுத்த செட்டுக்கு அவர்களே கேட்பார்கள்.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது இன்னொன்று. தெரிகிறது என்று சொன்னதும் எல்லோரும் பிள்ளையிடம் சொல்கிற ஒரே தீர்வு "உள்ள இன்னொன்னு போட்டுக்கோ" என்பதுதான். பிராவுக்கு மேல் சிம்மி, சிம்மிக்கு மேல் ஸ்லிப், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஓவர்கோட்டு. சேலத்து மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்குளிலும் மார்புக்கு அடியிலும் வேர்க்குரு, படர்தாமரை வந்து சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அளவு எடுக்கும்போது நெளிகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அத்தனை அடுக்கும் வியர்வையில் நனைந்துவிட்டால் மறைப்பதற்குப் போட்டதே காட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிடும். பருத்தி இழைகளுக்கு நடுவே இருக்கிற காற்றுதான் வெளிச்சத்தைச் சிதறடித்துத் துணியை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளிச்சம் சிதறாமல் நேராக உள்ளே போய்விடும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலை முனையில் நின்று கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சாரல் பிடித்து, கிரீம் நிறச் சுடிதாரோடு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்புறம் துணி. என் அப்பா குழித்தறியில் வேட்டி நெய்தவர். நூலுக்கு நம்பர் உண்டு என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தார். 840 கெஜ நீளம் கொண்ட நூல் கட்டுக்குச் சிட்டம் என்று பேர், அந்தச் சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். அதே ஒரு பவுண்டுக்கு 80 சிட்டம் பிடித்தால் 80-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. மெலிசு நூலை நெருக்கமாக நெய்தால் மென்மையான, அடர்த்தியான துணி வரும். அதையே இழை விட்டு நெய்தால் சல்லடைதான். இன்று யூனிஃபார்ம் என்று கட்டுக் கட்டாக வருகிற வெள்ளைத் துணியில் பாதி எனக்குச் சல்லடையாகத்தான் தெரிகிறது. வாங்கும்போது துணிக்கு அடியில் விரல்களை விரித்து வைத்துப் பாருங்கள். விரல் இடுக்குகளை எண்ண முடிந்தால் அந்தத் துணியில் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கூடாது.

அந்தத் துணியை என் மகள் தேர்ந்தெடுக்கவில்லை. நிறம் பள்ளி சொன்னது, துணி பள்ளி கொடுத்தது, உள்ளே வெள்ளை போடச் சொன்னதும் பள்ளி. தெரிந்தபோது நின்றது மட்டும் அவள். இதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஆண் வாத்தியார்களின் கை வைத்த பனியன் ஓரம் ஊருக்கே தெரியும். மெல்லிய வேட்டிக்கு உள்ளே பட்டாபட்டி டவுசர் கோடு கோடாகத் தெரிகிறதைப் பார்த்து யாரும் யாரையும் வரிசையிலிருந்து வெளியே நிற்கச் சொன்னதில்லை. நிற்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளையும் விட்டுவிடுங்கள் என்கிறேன். யூனிஃபார்ம் தேர்ந்தெடுக்கிற குழுவில் ஒரு தையல்காரியையோ நெசவு தெரிந்தவரையோ உட்கார வையுங்கள். துணியை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். மேலே சாம்பலோ வெளிர் நீலமோ கட்டமோ வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. "ஸ்கின் கலர் கொடுங்க" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே டப்பாதான் இறங்குகிறது, ரோஸ் கலந்த சந்தனம். இந்த ஊரில் அந்த நிறத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்? பனியன் துணிக்குப் பேர் போன திருப்பூர் இங்கிருந்து சில மணி நேரத் தூரம். அங்கே சாயம் போடத் தெரியாத நிறம் இல்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். நாமும் கூச்சத்தில் கிடைத்ததை வாங்கிக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

போன மாதம் சின்னக்கடை வீதியில் நான் வழக்கமாக லைனிங் எடுக்கிற கடையில் இதைப் பேசினேன். உள்ளாடை பிரிவில் இருக்கிற பெண்ணின் கையையே எடுத்து, சந்தன நிறப் பிராவை அதன் மேல் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "எனக்கே இது தெரியாதுக்கா, நானும் வெள்ளைக்கு இதத்தான் போட்டுட்டு இருக்கேன்" என்றாள். முதலாளி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். காபி பிரவுன் ஒரு டஜன், டார்க் பிரவுன் ஒரு டஜன், லேஸ் இல்லாதது. நேற்று போன் செய்தார், சரக்கு வந்துவிட்டதாம். 30-லிருந்து 36 வரை இருக்கிறது, 38-உம் அதற்கு மேலும் வரவில்லையாம். அதையும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.