ரிக்கி நெல்சன் சென்ற விமானம் எரிந்தது போதைப்பொருளாலா?

அமெரிக்காவின் பதின்பருவ ரசிகர்களைக் கவர்ந்த பாப் பாடகர் ரிக்கி நெல்சன், விமானத்தில் கோகெய்னைச் சூடாக்கிப் புகைத்ததால்தான் தீப்பிடித்து இறந்தார் என்று ஒரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. இதற்கு ஆதாரம் இல்லை.

1985 டிசம்பர் 31 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் டி கால்ப் அருகே, 1944-இல் தயாரான டிசி-3 ரக விமானம் தீப்பிடித்து அவசரமாகத் தரையிறங்கியதில், நெல்சன் உட்படப் பயணிகள் ஏழு பேரும் உயிரிழந்தனர். விமானிகள் இருவர் மட்டும் தப்பினர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, தீ விமானத்தின் பின்பகுதியில் தரையை ஒட்டித் தொடங்கியது என்று கண்டறிந்தது. எதனால் பற்றியது என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்றும் பதிவுசெய்தது. பெட்ரோலில் இயங்கும் பழைய வெப்பமூட்டி சரிவர இயங்காமல் தொல்லை கொடுத்ததாக உயிர் தப்பிய விமானிகளில் ஒருவர் கூறியதால், சந்தேகம் பெரும்பாலும் அதன்மீதே விழுந்தது. நெல்சனின் உடலில் போதைப்பொருள் தடயம் இருந்தது உண்மைதான். ஆனால் அதிலிருந்து தீக்கான காரணத்தை ஊகிப்பது வேறு விஷயம். வாரியத்தின் விபத்து அறிக்கையை எவரும் படித்துச் சரிபார்க்கலாம்.

1958-இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் 100’ பாடல் தரவரிசைப் பட்டியல் தொடங்கியபோது அதில் முதலிடம் பிடித்த முதல் பாடல் இவருடையது. அதையெல்லாம் அந்தப் பதிவு சொல்வதே இல்லை. அது உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு பகிராதீர்கள்.