பெயர் மட்டும் சுகப்பிரசவம்

சுகப்பிரசவம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, பிரசவத்தில் கிழிவதும் தையல் போடுவதும் சகஜம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. என் தங்கைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆசனவாய்ச் சுருக்குத் தசைவரை கிழிந்திருந்ததை அந்தத் தனியார் மருத்துவமனையில் யாரும் கவனிக்கவே இல்லை. மேல்தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மலத்தை அடக்க முடியாமல் போய்விடுமோ என்று மாதக்கணக்கில் பஸ் ஏறவே பயந்தாள். கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடவை. 'போகப் போகச் சரியாயிடும்' என்றார் மாமியார் (அவருக்கும் இருந்திருக்குமோ, யார் கண்டது). கிழிசல் எந்த டாக்டர் கையிலும் நேரலாம், அதற்கு வழக்கு நிற்காது. சரியாகப் பரிசோதிக்காமல் தைத்தது வேறு விஷயம். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு) நகல் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுதான் கெடு. இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தபோது குழந்தை எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தது.