பிரிட்டனில் ரேஷன் 1945-இல் முடிந்துவிடவில்லை

"இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் ரேஷனும் முடிந்தது" என்று பரவும் தகவல் தவறு. 1940 ஜனவரி 8 அன்று வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றி இறைச்சியுடன் தொடங்கிய உணவு ரேஷன், 1954 ஜூலையில் இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியபோதுதான் முற்றிலும் ஓய்ந்தது.

உண்மையில் போருக்குப் பிறகு சில நெருக்கடிகள் கூடவே செய்தன. போர்க்காலத்தில் ஒருநாளும் ரேஷனுக்குள் வராத ரொட்டிக்கு 1946 ஜூலை முதல் ஈராண்டுகள் கூப்பன் தேவைப்பட்டது. காரணங்கள் பல: போர்க்காலத்தில் நேச நாடுகளுக்கு ஆயுதமும் உணவும் தந்த அமெரிக்காவின் கடன்-குத்தகை உதவி 1945-இல் சட்டென நின்றதால் இறக்குமதிக்கு டாலர் தட்டுப்பாடு; உலகெங்கும் கோதுமைப் பற்றாக்குறை; தோற்ற ஜெர்மனியில் பிரிட்டனின் ஆளுகைக்குள் வந்த பகுதிக்கும் உணவு அனுப்ப வேண்டிய கட்டாயம். வென்ற நாட்டின் பெண்கள்தான் இத்தனை ஆண்டும் வரிசையில் நின்றார்கள். அந்தப் பாடு மறக்கப்படக் கூடாது. துணி ரேஷன் 1949-இலும், தேயிலை ரேஷன் 1952-இலும், சர்க்கரை ரேஷன் 1953-இலும் விலகின.