எம்டனும் ஐ-29-உம்

எங்கள் குடும்பத்தில் பாட்டிக்கு எம்டன் என்று பட்டப்பெயர். மளிகைக் கணக்கில் ஓரணா இடித்தாலும் பிடித்துவிடுவாள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் நூறு வருடம் தாண்டியும் நம் வீடுகளில் கெட்டிக்காரர்களுக்கு வழங்குகிறது. குண்டு போட்டவனின் பெயரைச் செல்லப்பெயராக்கிக்கொண்ட ஊர் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் பெரியப்பா வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. "அந்தக் காலத்துச் சண்டையில் ஒரு நாகரிகம் இருந்ததடா" என்றார். எம்டனின் தளபதி கார்ல் ஃபான் முல்லரைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். சரக்குக் கப்பல்களை நிறுத்தி, ஆட்களை இறக்கிய பிறகே மூழ்கடித்தார். பிடிபட்ட கப்பல் ஒன்றிலேயே அவர்களை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியும் வைத்தார். கடற்போரின் விதியும் அதுதான். ஆனால் அந்த நாகரிகத்துக்குத் தளபதியின் மனம் மட்டும் காரணமில்லை. எம்டன் தண்ணீருக்கு மேலே ஓடிய கப்பல். பீரங்கியைக் காட்டி நிறுத்தலாம், சோதனை போடலாம், ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம்.

நீர்மூழ்கியால் இதெல்லாம் முடியாது. தன் மாலுமிகளுக்கே படுக்கப் போதிய இடமில்லாத இரும்புக் குழாய் அது. நூறு பயணிகளை எங்கே வைக்கும்? மேலே வந்து எச்சரித்தால் அதன் மெல்லிய உடலைத் துளைக்க ஒரு சின்னப் பீரங்கி போதும். பிரிட்டன் சரக்குக் கப்பல் வேடத்தில் பீரங்கிகளை ஒளித்து அனுப்பியதும் நடந்தது. ஆகவே, கேட்காமல் சுடு. 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரையருகே ஜெர்மன் நீர்மூழ்கி யூ-20 விட்ட ஒற்றை டார்பிடோவில், அதாவது நீருக்கடியில் பாயும் குண்டில், லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் 18 நிமிடத்தில் மூழ்கியது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தன, அதற்கு முன்பே ஜெர்மன் தூதரகம் பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் கொடுத்திருந்தது என்பார்கள். இரண்டும் உண்மை. அதனால் என்ன? கீழ்த்தளத்தில் தோட்டாப் பெட்டி இருப்பது மேல்தளத்துக் குழந்தைக்குத் தெரியுமா?

1936-இல் லண்டனில் இதற்கென்றே ஒரு ஒப்பந்தம் போட்டார்கள்: பயணிகளையும் மாலுமிகளையும் பத்திரமான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது, இந்த விதி நீர்மூழ்கிக்கும் பொருந்தும். ஜெர்மனியும் ஜப்பானும் ஒப்புக்கொண்டன. 1939 செப்டம்பர் 3, போர் அறிவித்த அன்றே, அதீனியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அடித்தது. அடுத்த வருடம் 'காசி நகரம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட சிட்டி ஆஃப் பெனாரஸ். குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு அனுப்பிய 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அவர்களோடு நம் நாட்டு லாஸ்கர் மாலுமிகளும் செத்தார்கள். அந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெரியப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஜெர்மன்காரன் கெட்டவன் என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து நான் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

1942 நவம்பர் 23. பம்பாயிலிருந்து கிழக்கு, தென் ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த திலாவா. பினாங்கிலிருந்து நம் ஆட்களை ஏற்றி வந்த ரஜூலா கப்பலை ஓட்டிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். 958 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். இந்தியப் பெருங்கடலில், ஆள் தூங்கும் நேரத்தில், டார்பிடோ பாய்ந்தது. கப்பல் உடனே மூழ்கவில்லை. படகில் இறங்கியவர்களில் சிலர் பிழைத்தோம் என்று நம்பித் திரும்பவும் கப்பலில் ஏறினார்கள். அப்போது இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் இறந்தார்கள்.

அடித்தது ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29. ஐந்து மாதம் கழித்து, 1943 ஏப்ரலில், மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் வந்த நேதாஜியை ஏற்றிக்கொண்டதும் அதே ஐ-29. இந்த இரண்டாவது கதையைப் பள்ளியில் மெய்சிலிர்க்கக் கேட்டு வளர்ந்தேன். முதல் கதையை நாற்பது வயதில்தான் படித்தேன்.

"அதற்கு நேதாஜி என்ன செய்வார்?" என்று பெரியப்பா குரலை உயர்த்தினார். அவர் வீட்டுக் கூடத்தில் காந்திக்குப் பக்கத்தில் நேதாஜி இருக்கிறார். நேதாஜியைக் குற்றம் சொல்லவில்லை, பெரியப்பா. நம் பக்கத்துக்கு வேண்டியவன் செய்தால் அது வரலாற்றில் விழாமல் போய்விடுகிறது என்கிறேன். எல்லாரும் இதையே செய்தார்கள். ஒகினாவாவின் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற சுஷிமா மாருவை 1944-இல் மூழ்கடித்த அமெரிக்க நீர்மூழ்கி பவ்ஃபின் இன்று பேர்ல் துறைமுகத்தில் அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். போர் முடிந்து நியூரம்பர்க் போர்க்குற்ற நீதிமன்றத்தில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸை விசாரித்தபோது, பசிபிக்கில் போரின் முதல் நாளிலிருந்தே நாங்களும் எச்சரிக்காமல்தான் சுட்டோம் என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுதிக் கொடுத்தார். நீர்மூழ்கிப் போர் விதியை மீறியதைக் கணக்கில் எடுத்துத் தண்டனை தரவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பிலேயே எழுதியது. இருவரும் திருடியதால் திருட்டு வழக்கே இல்லை என்பது போல.

திலாவாவோடு மூழ்கிய தென் ஆப்பிரிக்க அரசின் வெள்ளிக் கட்டிகளுக்கு மட்டும் வழக்கு நடந்தது. 2017-இல் ஒரு நிறுவனம் 2,364 கட்டிகளைக் கடலடியிலிருந்து எடுத்தது. யாருக்கு என்ன உரிமை என்பது 2024-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. காபி ஆறிவிட்டது. பிறகு, சிறுவயதில் பினாங்கிலிருந்து ரஜூலாவில் வந்ததைச் சொன்னார். டெக் டிக்கெட். தகரப்பெட்டியை வைத்துப் பாய் விரித்த இடம்தான் வீடு. முதலில் கிடைத்தது உயிர்ப்படகுகளுக்கு நேர் கீழே. மழைச் சாரல் அடிக்கிறது என்று அவருடைய அம்மா சண்டை போட்டு உள்ளே தள்ளி இடம் மாற்றிக்கொண்டாளாம்.